பெல்வில்லின் வாலடி: லா சப்பலிலிருந்து இருபத்தொரு செம்மறிகளைப் பார்க்கப் போன கதை

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் தம்பி ரகுவுக்கு நாட்டுப்புறத்தில் 'எஸ்டேட்' இருக்கிறது என்று, என்னிடம் புருவம் எடுக்க வந்த அத்தனை பேருக்கும் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு இருந்தேன். பாரிஸின் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எனக்கு ஒரு சின்ன அழகுநிலையம். கண்ணை மூடிக்கொண்டு, தங்கள் புருவத்துத் தோலைத் தாங்களே இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்திருப்பவர்கள் எழும்பி ஓட முடியாது. அதனால் எஸ்டேட் கதை முழுவதையும் கேட்டார்கள். குதிரை இருக்கிறதா என்று ஒரு அக்கா கேட்டபோது, இருக்கிறது என்றும் சொல்லிவிட்டேன். நான் அங்கே ஒரு தடவை கூடப் போனதில்லை.

போக வைத்தது நேசன் மச்சான். நேசன் என் மாமாவின் மகன், முறைக்கு மச்சான். ஒரு காலத்தில் எங்கள் இருவரையும் முடித்து வைக்கிற கதையும் வீட்டில் நடந்தது. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனார், நான் பிரான்சுக்கு வந்தேன், இருவரும் தப்பினோம். இந்த மே மாதம் மூன்று கிழமை லீவில் பாரிஸ் வந்தவர், கோபுரம் பார்க்கவில்லை, கப்பலில் ஏறவில்லை. "ரகுவின்ர ஆட்டைப் பாக்கோணும்" என்று ஒரே பிடியாக நின்றார். அவர் அங்கே பதினொரு வருடம் செம்மறிப் பண்ணைகளில் ஒப்பந்தக்காரரோடு ஊர் ஊராகப் போய் வேலை செய்தவர்.

வியாழக்கிழமை பொது விடுமுறை. வெள்ளியையும் சேர்த்துப் 'பாலம்' போட்டால் ஞாயிறு வரை நாலு நாள். என் மனிசன் உணவகத்தில் சமையல்காரர், ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் அவருக்குத்தான் வேலை. ஆகவே நானும் மச்சானும் மட்டும் வெளிக்கிட்டோம்.

வழி சுகம். லா சப்பலிலிருந்து கார் து நோர் நிலையத்துக்கு நடை ஏழு நிமிடம். அங்கிருந்து ஐந்தாம் இலக்க மெட்ரோவில் ஓஸ்தர்லிட்ஸ் ரயில் நிலையம், இருபது நிமிடம், டிக்கெட் இரண்டரை ஈரோ. ரயில் காலை 8.37க்கு. மூன்று கிழமைக்கு முன்பே எடுத்ததால் ஆளுக்கு 39 ஈரோ. இறங்க வேண்டிய இடம் லா சுத்தரேன், இரண்டே முக்கால் மணித்தியாலம். பாரிஸிலிருந்து ஏறத்தாழ முந்நூற்றைம்பது கிலோமீட்டர். இடது பக்க யன்னலைக் கேட்டு எடுக்காதீர்கள், காலை வெயில் முகத்தில் அடிக்கும். நான் கேட்டு எடுத்தேன்.

ரயிலில் இடியப்பப் பார்சலைப் பிரித்தபோதுதான் மச்சான் ஏன் போகிறார் என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது. ரகு பதினேழு வருடம் உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு, இடுப்பு போனதும், க்ரூஸ் மாவட்டத்தில் ஒரு வயதான விவசாயியிடம் வீட்டோடு சேர்த்து இருபத்தைந்து மெரினோச் செம்மறிகளை வாங்கினான். போன கோடையில் நாலு பெண் ஆடுகள் செத்துப்போயின. இலையான், அதாவது ஈ, வாலடியில் முட்டையிட்டு, புழு உயிரோடு இறைச்சியைத் தின்றிருக்கிறது. இந்த வருடம் இன்னுமொன்று அப்படிச் செத்தால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு பாரிஸ் புறநகர் லா கூர்னெவ் அடுக்குமாடிக்கே திரும்பிப் போகலாம் என்று அவன் பெண்சாதி வதனி சொல்லிவிட்டாள். சும்மா சொல்கிறவள் இல்லை அவள். வாங்குகிறவரின் தொலைபேசி இலக்கம் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்ததை நானே பிறகு பார்த்தேன்.

"அதுக்கு நீங்கள் என்ன செய்யப் போறியள்?" என்றேன்.

"ஆஸ்திரேலியாவிலை செய்யிற மாதிரிப் பின்பக்கத் தோலை வெட்டிவிடச் சொல்லுறான். மியூல்சிங் எண்டு பேர்."

"தோலையோ! மயிரைத்தானே வெட்டுறது?"

"தோலைத்தான் மச்சாள். மெரினோவுக்குத் தோல் மடிப்பு மடிப்பா இருக்கும். வாலைச் சுத்தி ரோமம் நனைஞ்சு, சாணம் ஒட்டி, மடிப்புக்குள்ளை வேர்த்து நாறும். இலையானுக்கு அது கலியாண மண்டபம். அதாலை வாலுக்கு ரெண்டு பக்கமும் பிறை மாதிரி ஒரு துண்டுத் தோலை எடுத்துவிடுறது. காயம் மாறேக்கை இறுகி, ரோமமில்லாமல் மொட்டையா வரும். அதிலை ஒண்டும் ஒட்டாது."

நான் இடியப்பத்தை மூடி வைத்தேன். அவர் தன்னுடையதைத் தின்றுகொண்டே சொன்னார், வேலை பழகியவர்கள் அப்படித்தான்.

"முதல் ரெண்டு வருசம் மருந்து ஒண்டும் இல்லை. வெட்டி இறக்கிவிட்டா குட்டி கத்தாது. அதுதான் கரைச்சல். செம்மறி நோவை வெளியிலை காட்டாது. முதுகைக் கூனிக்கொண்டு, தலையைக் குனிஞ்சு, மெல்ல மெல்ல நடந்து போகும். பிறகு நாலைஞ்சு நாளைக்கு மனிசரைக் கண்டா விலகிப் போகும். நான் ஆரெண்டு அதுக்குத் தெரியும் எண்டு நினைப்பன்."

நான் அதற்குப் பகிடி சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று விளங்கும்.

பிறகு வந்த ஒரு மேற்பார்வையாளர் முறையை மாற்றினாராம். மச்சான் விரல் விட்டுச் சொன்னார். நோ மறைக்கும் ஊசியை வெட்டுவதற்கு முன்பே போட்டு, அது பிடிக்கும்வரை கத்தரியைத் தொடக்கூடாது. வெட்டிய உடனே விறைக்கப்பண்ணும் மருந்தைக் காயத்தில் அடிக்க வேண்டும். பழகிய கை, கூரான சுத்தமான கத்தரி, தோல் மட்டும், தசையில் படவே கூடாது. இரண்டு கிழமையிலிருந்து பன்னிரண்டு கிழமைக்குள் உள்ள குட்டிக்கு மட்டும்தான், வளர்ந்த ஆட்டுக்கு இல்லை. அதுவும் மடிப்புத் தோல் உள்ள குட்டிக்கு மட்டும். இலையான் இல்லாத, மழை இல்லாத, குளிர்ந்த நாட்களாக இருக்க வேண்டும். இறக்கிவிடும்போது நாலு காலில் மெதுவாக இறக்கி, நேரே தாயிடம் விட வேண்டும். காயம் மாறும்வரை தூரம் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது, ஆனால் ஒவ்வொரு நாளும் தள்ளி நின்று பார்க்க வேண்டும்.

"இவ்வளவும் செய்தா நோகாதோ?"

"குறைவா நோகும். நோகாது எண்டு ஆரும் சொன்னா, அவனை நம்பாதை."

லா சுத்தரேன் நிலையத்துக்கு ரகு வெள்ளை வானோடு வந்திருந்தான். வீடு பத்தொன்பது கிலோமீட்டர். பேருந்து இல்லை, யாராவது வந்து ஏற்றினால்தான் உண்டு. எஸ்டேட் என்று நான் சொன்ன இடம்: நாலு எக்டேர் புல், ஒழுகுகிற கல் வீடு, தகரக் கொட்டில். குதிரை இல்லை. நான் வெள்ளிநிறச் செருப்போடு இறங்கினேன். வதனி கட்டிப்பிடித்துவிட்டு, ரப்பர் சப்பாத்து ஒரு சோடி கொண்டுவந்து வைத்தாள். நல்ல பிள்ளை.

செம்மறிகளுக்கு ரகு பெயர் வைத்திருக்கிறான். பதினேழு வருடம் வேலைக்குப் போய்வந்த இரண்டாம் இலக்க மெட்ரோவின் இருபத்தைந்து நிலையங்களின் பெயர்கள். பிளான்ஷ், ரோம், நசியோன், பெல்வில் என்று கூப்பிட்டால் சில தலையைத் தூக்கிப் பார்க்கின்றன. கிடாய்க்கு, பாரிஸில் இரவு விடுதிகளுக்குப் பேர்போன பிகாலின் பெயர். ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது நாலு நிலையம் குறைந்து இருபத்தொன்று. அவற்றோடு இந்த வசந்தத்தில் பிறந்த பதினாலு குட்டிகள்.

கொட்டிலில் ரகு ஒரு சாமானைக் காட்டினான். பழைய கட்டில் சட்டத்தை அறுத்து, குட்டியை மல்லாக்கக் கிடத்திக் காலைக் கட்ட, இணையத்தில் பார்த்துத் தானே செய்த தொட்டில். மினுக்கி எண்ணெய் கூடப் பூசியிருந்தான். மச்சான் அதைச் சுற்றி வந்தார். ஆட்டிப் பார்த்தார். பிறகு அதிலேயே ஏறி இருந்தார்.

"நல்லாச் செய்திருக்கிறாய் ரகு. ஆனா நான் வெட்டமாட்டன்."

"என்ன மச்சான், அதுக்கெண்டுதானே வந்தனீங்கள்?"

"வாறன் எண்டு சொன்னனான். வெட்டுறன் எண்டு சொன்னனானே?"

"அப்ப இதுகள் சாகட்டுமே?" ரகுவின் குரல் உடைந்துபோனது. இடுப்பு நோவுக்குக் கூட அழாதவன்.

மச்சான் அவனைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். கட்டில் சட்டம் இருவரையும் தாங்கியது. "கேள். உங்கடை மிருக வைத்தியருக்கு நேற்றே மச்சாளைக் கொண்டு போன் எடுப்பிச்சனான். இஞ்சை உது செய்யிறதில்லை, செய்ய விடவும் மாட்டன் எண்டு அந்த வைத்தியர் சொல்லிப்போட்டா. அவ விட்டாலும் நான் செய்யன். உது ஆருக்கு எண்டு தெரியுமே? ஆறாயிரம் ஆடு, ரெண்டு மனிசர், ஒரு ஆட்டைக் கிட்டப் பாக்கிறதுக்கு மாதக் கணக்காகும். அந்த இடத்து வேலை உது. உனக்கு இருபத்தொண்டு. நீ ஒவ்வொண்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுறாய். கூப்பிடேக்கை பின்னாலையும் ஒருக்காப் பாத்தா என்ன?"

நேற்று நான் எடுத்த அந்தத் தொலைபேசி அழைப்பைப் பற்றி ஒன்று. மச்சான் எழுதித் தந்த மியூல்சிங் என்ற சொல்லை என்னவென்று விளங்காமலே சொல்லி, அந்த வைத்தியரிடம் என் பிரெஞ்சில் செம்மறியின் பின்பக்கத்தைப் பற்றிக் கேட்டபோது என் கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்னும் திரும்பி வரவில்லை.

வெள்ளி காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. ரோமம் முழுவதும் வெட்டுகிற ஆள் வர இன்னும் ஐந்து கிழமை. அதுவரை இலையானிடம் இருந்து காப்பாற்ற, வாலடியிலும் பின்னந்தொடையின் உள்பக்கத்திலும் மட்டும் ரோமத்தைக் குட்டையாக வழித்துவிடுவது. இதில் தோல் வெட்டுவது இல்லை, கட்டுவது இல்லை. மச்சான் ஆட்டைப் பின்னால் சரித்து, தன் முழங்காலுக்கு நடுவே கதிரையில் இருத்துவதுபோல் இருத்தினார். அப்படி இருத்தினால் அது உதறுவதை விட்டுவிட்டு, பேருந்துக்குக் காத்திருக்கும் ஆளைப்போல் சும்மா இருக்கிறது. ஆனால் கனநேரம் அப்படி வைத்திருக்கக் கூடாது, சாப்பிட்ட வயிறோடும் கூடாது. அதனால் முதல் நாள் பின்னேரமே அவற்றைக் கொட்டிலில் அடைத்திருந்தார்கள்.

மெசினின் சீப்பு தோல் மடிப்பில் மாட்டினால் கிழித்துவிடும். ரகு பிடித்தான், மடிப்பு வழுக்கியது. வதனி பிடித்தாள், பயத்தில் கண்ணை மூடினாள். நான் சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

"தள்ளு. முப்பது வருசமாத் தோல் இழுக்கிறன்."

எங்கள் வேலையின் மூலமே அதுதான். மயிர் எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ, அதற்கு எதிர்ப் பக்கமாகத் தோலை இழுத்து மட்டமாக்க வேண்டும். இழுக்காத தோலில் நூல் ஓடினால் வாடிக்கையாளர் கத்துவார். செம்மறி கத்தாது, ஆகவே இன்னும் கவனம் வேண்டும். நான் உள்ளங்கையை வைத்து இழுத்தேன். மடிப்பு விரிந்தது. மச்சான் மெசினை மூன்று ஓட்டம் ஓட்டினார், பிளான்ஷின் பின்பக்கம் ஒரு கீறல் இல்லாமல் புதுக் கன்னம்போல் வந்தது.

"மச்சாள், ஆஸ்திரேலியாவுக்கு வாறியே? வேலை எடுத்துத் தாறன்."

"முப்பது வருசத்துக்கு முந்திக் கேட்டிருக்கோணும்" என்றேன். ரகு நிலத்தைப் பார்த்தான். வதனி சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆறாவதாக வந்தது பெல்வில். மூன்று கிழமைக்கு முன்பு இரட்டைக் குட்டி போட்டவள். இருத்துவதற்கு முன்பே எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. அவள் பின்னங்காலால் நிலத்தில் தட்டித் தட்டி நின்றாள், திரும்பித் திரும்பித் தன் வாலடியைக் கடிக்கப் பார்த்தாள். வலது தொடைப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் மட்டும் கொஞ்சம் கறுத்து, ஈரமாகத் தெரிந்தது. ரகு அது மழைநீர் என்றான். என்னிடம் வருகிறவர்களின் தலையில் பேன் இருக்கிறதா என்று பார்க்கிறதுபோல் நான் இரண்டு கையாலும் ரோமத்தைப் பிரித்தேன்.

மழைநீர் இல்லை. மணம் முதலில் வந்தது. பிறகு அடியில் தோல் அசைந்தது. தோல் அசையவில்லை, தோலின் மேல் இருந்தவை அசைந்தன.

வதனி கொட்டிலை விட்டு வெளியே போனாள். நான் பின்னால் போகவில்லை, என் கை ரோமத்தைப் பிரித்தபடியே இருந்தது. விட்டால் அந்த இடம் திரும்ப மூடிவிடும்.

ரகு போன் எடுக்க, வைத்தியர் ஐம்பது நிமிடத்தில் வந்தார், என்னைவிட இளமையான ஒரு பிரெஞ்சுப் பெண். மச்சான் அதற்குள் சுற்றியிருந்த ரோமத்தை நல்ல தோல் தெரியும்வரை, நாலு விரல் அகலம் அதிகமாகவே வழித்து, ஒவ்வொரு புழுவாக எடுத்து மூடியுள்ள வாளியில் போட்டார். நிலத்தில் விழவிட்டால் அதுவும் ஒருநாள் இலையான்தான். வைத்தியர் நோவுக்கும் கிருமிக்கும் ஊசி போட்டு, காயத்தைக் கழுவி, புழு கொல்லும் மருந்து ஊற்றினார். நாளைக்கு எழும்பித் தின்றால் பிழைக்கும், தின்னாவிட்டால் சொல்ல முடியாது என்றார். பிறகு மற்ற ஆடுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். அவரும் மச்சானும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்றார்கள். மொழி தெரியாத இருவர் ஒரே பின்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டியதை நான் கண்டேன்.

விசயம் இதுதான்: பெரும்பாலான ஆடுகளின் வாலடி சுத்தம். அவை புழுக்கை போட்டிருந்தன, காய்ந்த உருண்டை. குட்டி போட்டவை மட்டும் கழிச்சல், வால் முழுக்க அழுக்கு.

இவற்றுக்கு மட்டும் வேறு சாப்பாடு கொடுக்கிறீர்களா என்று வைத்தியர் கேட்டார். ரகு புல்லு, வைக்கோல் என்றான். வதனி வாசலில் வந்து நின்றாள். பிறகு மச்சானைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

"கஞ்சி குடுக்கிறனான் அண்ணை."

"என்ன கஞ்சி பிள்ளை?"

"பச்சையரிசியும் பயறும். உள்ளி கூடப் போடுவன். நல்லெண்ணெயும் விடுவன். பிள்ளைப் பெத்ததுகள் எல்லே..."

ரகுவுக்குக் கஞ்சிக்குப் பிரெஞ்சு வரவில்லை. சூப் என்றான். எத்தனை கரண்டி என்று வைத்தியர் கேட்டார். வதனி மூலையில் இருந்த வாளியைக் கையால் காட்டினாள். வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செம்மறி வயிறு புல்லுக்கு உள்ள வயிறு. சோறும் பயறும் வாளிக்கணக்கில் போனால் புளித்துக் கழிச்சலாகும். கழிச்சல் ரோமத்தில் ஒட்டும், ஒட்டினால் இலையான் வரும். பூச்சியும் இருக்கலாம், சாணத்தைச் சோதிக்க எடுத்துப் போகிறேன், ஆனால் முதலில் சூப்பை நிறுத்துங்கள், சமையலறைச் சாப்பாடு இவற்றுக்குக் கொடுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு வைத்தியர் போனார்.

வதனி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தாள். "போன வருசம் செத்த நாலும் குட்டி போட்டதுகள்" என்றாள். "வடிவாப் பாத்தனான் எண்டு நினைச்சன்."

மச்சான் அவளுக்கு முன்னால் நிலத்தில் குந்தினார். "பிள்ளை, நான் பதினொரு வருசம் ஆட்டுக்கு நல்லது செய்யிறன் எண்டு நினைச்சுத்தான் தோல் வெட்டினனான். அதிலை ரெண்டு வருசம் மருந்தில்லாமல். இப்ப தெரிஞ்சிட்டுது எல்லே? இனிக் குடுக்காதை. அவ்வளவுதான்."

எனக்கும் ஒன்று சொல்ல இருந்தது, சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். வதனிக்கு லா கூர்னெவ்வில் மகள் பிறந்தபோது அவளுடைய தாய்க்கு விசா கிடைக்கவில்லை. பிள்ளைப் பெற்றவளுக்குக் கஞ்சியும் மூலிகைச் சரக்குத் தண்ணியும் வைத்துக் கொடுக்க நான்தான் போயிருக்க வேண்டும். போனேன், நாலாம் நாள், ஒரு கேக்கோடு. கலியாணச் சீசன், கடையில் ஆள் இல்லை என்று சொன்னேன். அவள் ஒன்றும் நினைத்ததாகக் காட்டவில்லை. தனக்குக் கிடைக்காததை ஒன்றும் விடாமல் செம்மறிக்குக் காய்ச்சி ஊற்றியிருக்கிறாள்.

அன்று மத்தியானம் ஆடுகளுக்காக வைத்த கஞ்சியை நாங்கள் குடித்தோம். பின்னேரமும் குடித்தோம். நல்ல கஞ்சி. ஆட்டின்மேல் பிழை இல்லை.

சனிக்கிழமை பெல்வில் எழும்பவில்லை. கொட்டிலுக்குள் நிழலில் படுத்திருந்தாள், குட்டிகள் இரண்டும் வந்து முட்டின. அவற்றுக்கு ரகு போத்தலில் பால் கொடுத்தான். வதனி பக்கத்திலேயே இருந்து தண்ணீரை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். நானும் மச்சானும் மிச்ச ஆடுகளின் வாலடியை வழித்து முடித்தோம். குட்டிகளின் வாலை அடுத்த வருடம் எவ்வளவு நீளத்தில் விட வேண்டும், மடிப்புக் குறைந்த கிடாயை எங்கே பார்க்க வேண்டும் என்று மச்சான் ரகுவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். பிகாலுக்கு மடிப்பு அதிகமாம். மடிப்புள்ள கிடாயை வைத்துக்கொண்டு பிறகு குட்டியின் தோலை வெட்ட நினைக்கக் கூடாது, கிடாயை மாற்ற வேண்டும் என்றார். பிகால் அதைக் கேட்டுக்கொண்டு நின்றது.

ஞாயிறு காலையும் பெல்வில் தின்னவில்லை. ஆனால் கண் தெளிவாக இருந்தது, காயத்தில் புதுப் புழு இல்லை. வதனி குளிர்பெட்டிக் கதவுப் பக்கம் போனாள், நின்றாள், தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். இலக்கம் அங்கேயே ஒட்டியிருந்தது. அதைக் கிழித்துவிட என் கை அரித்தது. அவளுடைய வீடு, அவளுடைய குளிர்பெட்டி. விட்டுவிட்டேன்.

போக நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது. மே, யூன் மாதம் வடிவு, ஆனால் இலையான் காலமும் அதுதான். ஆடு வளர்க்கும் உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் கையில் தின்பண்டம் கொண்டு போகாதீர்கள், முக்கியமாகப் பாண், சோறு. வெள்ளிநிறச் செருப்பும் வேண்டாம். வான் வராவிட்டால் வாடகைக் கார் 19 கிலோமீட்டருக்கு 45 ஈரோ வரை கேட்பார்கள். கைபேசித் தொடர்பு வீட்டுக்குள் இல்லை, கொட்டில் வாசலில் உண்டு. செம்மறி வைத்திருக்கிறவர்களுக்கும் ஒன்று: கோடையில் நாளுக்கு இரண்டு தடவை பின்பக்கம் பாருங்கள். காலைத் தட்டினால், வாலைக் கடிக்கத் திரும்பினால், ரோமம் ஓரிடத்தில் கறுத்தால், உடனே பிரித்துப் பாருங்கள். தோல் வெட்டுவதைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு, வாளியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எதைச் செய்தாலும் வைத்தியரைக் கேளுங்கள், நோ மருந்து இல்லாமல் ஒன்றும் செய்யாதீர்கள்.

மச்சானை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். அந்த முதல் இரண்டு வருடத்தைப் பற்றி அவர் தன் மனிசிக்குக் கூடச் சொன்னதில்லையாம். ரகுவுக்கு 'வெட்டமாட்டன்' என்று சொல்லத்தான் பூமியின் அடுத்த பக்கத்திலிருந்து வந்திருக்கிறார். போனில் சொன்னால் அவன் வேறு யாரையாவது பிடித்திருப்பான் என்றார். உண்மை. என் தம்பியை எனக்குத் தெரியும், தொட்டில் செய்து வைத்துவிட்டால் அவன் அதில் யாரையாவது கிடத்தாமல் விடமாட்டான்.

திரும்பும் ரயில் பின்னேரம் 5.26க்கு. ரகு ஐந்து மணிக்கே எங்களை லா சுத்தரேனில் இறக்கிவிட்டு, ஆட்டைப் பார்க்க வேண்டும் என்று உடனே போய்விட்டான். நாங்கள் மேடையில் நின்றோம். 5.19க்கு என் கைபேசிக்கு ஒரு காணொளி வந்தது. கொட்டில் வாசல் வெளிச்சத்தில் பெல்வில் நாலு காலில் நின்றாள். வாயில் வைக்கோல் தொங்கியது. வழித்த வாலடிக்குக் கீழே குட்டிகள் இரண்டும் தள்ளுப்பட்டுப் பால் குடித்தன. படம் ஆடியது, வதனி அழுதுகொண்டு பிடித்திருக்கிறாள். "அண்ணை, பாருங்கோ, தின்னுறாள்! அக்கா, நான் அந்த நம்பரைக் கிழிச்சுப் போட்டன்!"

மச்சான் கைபேசியை என்னிடமிருந்து வாங்கி, மூக்குக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். "காலைப் பார், ஒரே பாரமா வைச்சு நிக்கிறாள்" என்றார். திரும்பப் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன். 5.22க்கு ஒரு ரயில் வந்தது, காணொளியைப் பார்த்துக்கொண்டே ஏறினோம், பார்த்துக்கொண்டே இருந்தோம். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ பார்க்கும்போது டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். எங்கள் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல பயணமாக அமையட்டும் என்றார்.

லிமோஜ் நிலையத்துக்குப் பச்சைக் கூரையும் பெரிய மணிக்கூட்டுக் கோபுரமும் உண்டு. பாரிஸுக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. நாங்கள் அங்கே 5.58க்குப் போய்ச் சேர்ந்தோம். கோப்பி இரண்டு ஈரோ இருபது சதம்.